மூன்றாம் நாள் எலிகள்

திகன
12.01.1979

அன்புள்ள ஹபீல் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. வாப்பா ஜும்ஆவுக்குப் போகும் வழியில் தபால்காரரிடம் வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டே தொழுதுவிட்டு வந்து கொடுத்தார். இங்கே எல்லோரும் சுகம். ஷெஃபீல்டில் பனி கொட்டுகிறது என்று நான் வாசித்துக் காட்டியதிலிருந்து உம்மா திகனயில் போர்வை போர்த்திக்கொண்டு திரிகிறார்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் உங்களை விசாரிக்கிறார்கள். பேராதனையில் மிருக வைத்தியம் படித்த பிள்ளை இங்கிலாந்தில் என்ன செய்கிறது என்று கேட்டால் வாப்பா, "எலி வளர்க்கிறான்" என்கிறார். கேட்டவர்கள் மிளகாய்த்தூளை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த எலிகளைக் கொண்டு நீங்கள் என்னதான் செய்கிறீர்கள் நானா? நாலு பேருக்குச் சொல்லக்கூடிய மாதிரி எழுதுங்கள். குடும்ப மானம் உங்கள் கையில்.

இன்னொரு சங்கதி. அக்குறணையிலிருந்து எனக்கு ஓர் இடம் வந்திருக்கிறது. பெயர் நஸீம். கட்டுகஸ்தோட்டையில் கணக்கு வாத்தியார். மடவளையில் ஒரு கல்யாண வீட்டில் நான் குர்ஆன் ஓதியதை அவருடைய உம்மா கேட்டிருக்கிறார். "இந்தக் கொரல் எங்கட ஊட்டுக்கு வரோணும்" என்று அங்கேயே சொன்னாராம். முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, குரலைக் கேட்டுக் கேட்டார்கள் என்பதில் எனக்குச் சின்ன மனக்குறை. மற்றபடி விருப்பம்தான். எழுத வெட்கமாக இருந்தது, எழுதிவிட்டேன்.

ஆனால் அந்தக் குரல்தான் இப்போது சண்டித்தனம் பண்ணுகிறது. அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும்போது பாதிப் பக்கத்தில் தேய்ந்து, மூக்கால் வருகிறது. நான் நிறுத்திவிடுவேன். பிள்ளைகள் அந்த இடத்திலிருந்து எடுத்து ஓதி முடிப்பார்கள். அது ஏதோ நான் கண்டுபிடித்த புதுப் பாடமுறை என்று தாய்மார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொழுது சாயச் சாய இடது கண் இமையும் இறங்கிவிடுகிறது. "கண்ணூறு பட்டீக்கி மகள்" என்று உம்மா பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கித் தருகிறார். குடிக்கிறேன். காலையில் எழும்பினால் சரியாகத்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டு மஸீனா உங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னாள். குளிரில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். இது உம்மா சொன்னது.

உங்கள் தங்கச்சி,
ஜெஸீமா


ஷெஃபீல்ட்
03.02.1979

அன்புத் தங்கச்சிக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் நலம். கையில் வெடிப்பு, மூக்கில் ஒழுக்கு, இரண்டும் இங்கே எல்லோருக்கும் பொது. நஸீம் விஷயம் சந்தோஷம். கணக்கு வாத்தியார் என்றால் வாப்பாவுக்குக் கடையில் ஆள் மிச்சம்.

குடும்ப மானத்தைக் காப்பாற்ற எழுதுகிறேன், கேள். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி உண்டு. எலிக்கும் உண்டு, நமக்கும் உண்டு. உடம்புக்குள் நோய்க்கிருமிகளோடு சண்டை போடும் உயிரணுக்களில் ஒரு பகுதிக்கு அதுதான் ஓதப்பள்ளி. எது நம்முடையது, எது அந்நியம் என்று அங்கேதான் அவை பாடம் படிக்கின்றன. சுண்டெலிக் குட்டி பிறந்து மூன்றாம் நாள் நான் அந்தப் பள்ளியை எடுத்துவிடுகிறேன். ஐஸ்மேல் வைத்தால் குட்டி மரத்துப் போகும். கழுத்துக்குக் கீழே சிறு கீறல், கண்ணாடிக் குழாயால் ஓர் உறிஞ்சல், தைமஸ் வந்துவிடும். பிறகு விளக்குச் சூட்டில் வைத்து, தாயின் கூட்டிலுள்ள மரத்தூளில் புரட்டித்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரத்த வாடை அடித்தால் தாய் தின்றுவிடும்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. குட்டிகள் கொழுகொழு என்று வளர்கின்றன. ஆனால் பெட்டைகளை ஜோடி சேர்த்தால் ஒன்றும் ஈனுவதில்லை. திறந்து பார்த்தால் சூலகம் சுருங்கிக் கிடக்கிறது. அவற்றின் சொந்த உடம்பே அதை அந்நியம் என்று எண்ணி அழித்திருக்கிறது. இதே வேலையை ஏழாம் நாள் செய்தால் ஒன்றும் ஆவதில்லை. இடையில் என்ன நடக்கிறது என்று உலகத்தில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. வாப்பாவிடம் சொல், "உடம்பு தன்னைத் தானே ஏன் அடித்துக்கொள்கிறது என்று மகன் தேடுகிறான்" என்று. மிளகாய்த்தூள் வாங்க வருகிறவர்களுக்கு இது போதும்.

இனிப் பகிடி இல்லை. காலையில் சரியாகவும் மாலையில் தளர்ந்தும் இருப்பது கண்ணூறு அல்ல. கண்டிக்குப் போய் நரம்பு பார்க்கும் டொக்டரிடம் காட்டு. அடுத்த மாதம் என்று தள்ளாதே. வாப்பாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

உம்மாவுக்கு என் ஸலாம். சப்பாத்துப் போட்டுத்தான் நடக்கிறேன்.

நானா,
ஹபீல்


திகன
11.03.1979

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகமா என்ற கேள்விக்கு இந்த முறை பதில் கொஞ்சம் நீளம்.

வாப்பாவும் நானும் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் சத்தமாக எண்ணச் சொன்னார். எண்ண எண்ண என் குரல் மூக்குக்கு ஏறியது. இமை இறங்கியது. பிறகு கையில் ஓர் ஊசி போட்டார். நானா, ஜன்னல் சீலையைத் தூக்கிவிட்ட மாதிரி இமை மேலே போய்விட்டது! வாப்பா கதிரையிலிருந்து எழும்பி, "யா அல்லாஹ், தொறந்துட்டே!" என்று அழுதுவிட்டார். கொஞ்ச நேரத்தில் அது திரும்ப மூடிக்கொண்டது. அந்த ஊசி சோதனைக்கு மட்டுமாம்.

நோயின் பெயர் மயஸ்தீனியா. நரம்பு தசையோடு பேசும் இடத்தை என் உடம்பே தாக்குகிறதாம். நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குளிசை. போட்டால் குரல் நிற்கிறது, இமை நிற்கிறது. ஆனால் குளிசை மட்டும் போதாது, நெஞ்சுக்குள் இருக்கும் ஒரு சுரப்பியை எடுத்துவிட்டால் காலப்போக்கில் நல்ல குணம் தெரியும் என்றார். அந்தச் சுரப்பியின் பெயரைச் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். தைமஸ்! வாப்பா டொக்டரிடம், "என்ட மகன் அதத்தான் எலிக்கு எடுக்கிறான்" என்றார். டொக்டருக்கும் சிரிப்பு. ஆக, நானும் உங்கள் எலிகளும் இனி ஒரே கட்சி.

ஜூன் மாதம் ஒப்பரேஷனுக்கு நாள் தருகிறார். நோன்புக்கு முன்னாலேயே முடிந்துவிடும். கல்யாணம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு என்று பேச்சு. அக்குறணைக்கு நோயைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சுகமான பிறகு சொல்லலாம் என்கிறார் உம்மா.

நீங்கள் "சரி" என்று ஒரு வரி எழுதினால் போதும், வாப்பா கையெழுத்து வைப்பார். எனக்குப் பயமில்லை. பொய், கொஞ்சம் இருக்கிறது. ஆனால் ஒரு பக்கத்தை முழுதாக ஓதி முடிக்க வேண்டும் என்ற ஆசை அந்தப் பயத்தைவிடப் பெரிது. கெதியாக எழுதுங்கள்.

உங்கள் கட்சிக்காரி,
ஜெஸீமா


ஷெஃபீல்ட்
29.04.1979

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் எழுதப் பிந்திவிட்டது. வேலை கூட.

இங்கே இப்போது வெயில் எட்டிப் பார்க்கிறது. தங்கியிருக்கும் வீட்டுக்காரி தோட்டத்தில் மஞ்சள் பூக்கள் வைத்திருக்கிறாள். நல்ல அரிசி கிடைக்கும் கடை ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன், இரண்டு பஸ் மாற வேண்டும். விக்டோரியா அணைக்காக திகனப் பக்கம் நிலம் அளக்கிறார்கள் என்று வாப்பா எழுதியிருந்தார். நம் காணி வரைக்கும் தண்ணீர் வருமா என்று விசாரிக்கச் சொல்.

ஒப்பரேஷன் விஷயம். அவசரப்பட வேண்டாம் என்று நினைக்கிறேன். குளிசைக்குக் குணம் தெரிகிறது என்றால் அதையே தொடரலாம். நான் டிசம்பரில் வருகிறேன். நானே டொக்டரோடு பேசி, எல்லாம் பார்த்து முடிவு செய்யலாம். அதுவரைக்கும் பொறு.

உம்மா, வாப்பா எல்லோருக்கும் ஸலாம்.

ஹபீல்


திகன
20.05.1979

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று பூக்களையும் அரிசியையும் வைத்து ஊகித்துக்கொண்டேன்.

உங்கள் சொல் இந்த வீட்டில் சட்டம் அல்லவா? கடிதம் வந்த மறுநாளே வாப்பா முதல் பஸ்ஸில் கண்டிக்குப் போய், ஒப்பரேஷன் வேண்டாம், மகன் வரட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். டொக்டர் கோபப்பட்டாராம். இந்த வயதில் செய்தால்தான் பலன் அதிகம், தள்ளிப்போடப் போட நோய்தான் வளரும் என்றாராம். வாப்பா தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "ஹபீல் செல்லாம ஒண்டும் செய்யேலா" என்று எழும்பி வந்துவிட்டார். டொக்டர் சொன்னதை எனக்குச் சொல்லவே அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று.

எனக்கு உங்கள்மேல் கோபம். ஏன் பொறுக்க வேண்டும் என்று ஒரு காரணமாவது எழுதியிருக்கலாமே! நெஞ்சைத் திறக்கப் போவது எனக்கு, டிசம்பர் வரைக்கும் மூக்கால் பேசப் போவதும் நான்.

அதோடு, எலிகள் எல்லாம் செத்துப்போய்விட்டனவா? ஒரு வரிகூட இல்லையே. கடையில் கேட்கிறார்கள்.

நஸீமின் உம்மா போன கிழமை வந்தார். அவருக்கு யாஸீன் ஓதிக் காட்டச் சொன்னார்கள். நான் தந்திரமாகக் குளிசை போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து உட்கார்ந்து ஓதினேன். குரல் மணி மாதிரி நின்றது. அவர் என் நெற்றியில் முத்தமிட்டார். எனக்குத் திருடி மாதிரி இருந்தது.

பதிலில் பூக்கள் வேண்டாம்.

ஜெஸீமா


ஷெஃபீல்ட்
24.06.1979

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கோபம் நியாயம். எலிகள் உயிரோடுதான் இருக்கின்றன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அதே வேலைதான்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். நோன்பு வருகிறது. நீ பிடிக்கக் கூடாது. நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குளிசை போட வேண்டிய உடம்பு இது. நோயாளிக்கு மார்க்கம் விலக்குத் தந்திருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவளே நீதான், உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிடிக்க மாட்டேன் என்று எழுது.

டிசம்பரில் பேசுவோம்.

ஹபீல்


திகன
05.08.1979

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. உம்மா கஞ்சிக்கு இந்த வருடம் இஞ்சி கூடப் போடுகிறார். அஸருக்குப் பிறகு நம் வீட்டு முன்னறையில் பெண்கள் கூடி ஓதுகிறோம். இருபத்தேழாம் நோன்பில் குர்ஆனை ஓதி முடித்துத் தமாம் செய்ய வேண்டும். நான்தான் முன்னின்று ஓதுகிறேன்.

குளிசை ஒன்றுகூடத் தவறவில்லை. கவலைப்பட வேண்டாம்.

இன்று அதிகம் எழுத முடியவில்லை. கை சோர்கிறது.

ஜெஸீமா


திகன
18.08.1979

மதிப்புக்குரிய ஹபீல் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை எழுதுவது பக்கத்து வீட்டு மஸீனா. உங்கள் வாப்பா எழுதச் சொன்னார். முதலில் சொல்லிவிடுகிறேன், ஜெஸீமா உயிரோடு இருக்கிறாள்.

புதன்கிழமை நோன்பு திறக்கும் நேரம். பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தாள், விழுங்க முடியவில்லை. கஞ்சியைக் குடித்தாள், மூக்கால் வந்தது. எல்லோரும் முதுகில் தட்டினோம். அவள் பேசப் பார்த்தாள், காற்றுத்தான் வந்தது. தலை நிற்கவில்லை. வாப்பா கடைக்குச் சாமான் ஏற்றும் வேனில் தூக்கிப் போட்டுக் கண்டிக்குக் கொண்டுபோனார். இரண்டு நாள் மெஷின்தான் மூச்சு விட்டது. நேற்றுக் குழாயை எடுத்தார்கள்.

அவள் உங்களுக்குப் பொய் எழுதவில்லை நானா, பாதிதான் எழுதினாள். குளிசை ஒன்றும் தவறவில்லைதான். பகலுக்கு உள்ளதையெல்லாம் விடியுமுன் சஹர் சாப்பாட்டோடேயே சேர்த்து விழுங்கியிருக்கிறாள். நோன்பும் போகாது, மருந்தும் தவறாது என்று அவள் கணக்கு. காலையில் வயிற்றைப் பிசைந்து வாயூறும். நான் கேட்டால் கிழங்குக் கறி ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். அஸருக்குள் மருந்து முடிந்துவிடும், அப்போதுதான் ஓத உட்காருவாள். மற்றப் பெண்களுக்கு விலக்கு உண்டு என்று படிப்பிக்கிறவள். ஏன்டி இப்படிச் செய்தாய் என்று ஆஸ்பத்திரி வாட்டில் கேட்டேன். பேச ஏலாது, காகிதத்தில் எழுதினாள்: "மாசம் முழுக்க நோம்பில்லாட்டி அக்குறணைக்குத் தெரிஞ்சிடும்."

டொக்டர் இன்னொரு முறையும் ஒப்பரேஷன் பற்றிச் சொன்னார். உடம்பு கொஞ்சம் தேறியதும் செய்ய வேண்டுமாம். வாப்பா உங்கள் கடிதத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள்.

துஆவுடன்,
மஸீனா


ஷெஃபீல்ட்
02.09.1979

ஜெஸீமா,

வாப்பாவின் தந்தி வந்தது, "சுகம்" என்ற ஒரு சொல்லோடு. மஸீனாவின் கடிதம் கண்டு நான் அனுப்பியதும் "ஜெஸீமா எப்படி" என்று மட்டும்தான். ஒப்பரேஷன் செய்யுங்கள் என்று இன்னொரு தந்தி எழுதிக்கொண்டு தபால் கந்தோரில் நின்றேன். கை வரவில்லை. காரணம் தந்தியில் அடங்காது. அதனால் இது.

பெப்ரவரியில் நான் உனக்கு வேடிக்கை என்று ஒன்று எழுதினேன். மார்ச்சில் உன் கடிதம் வந்தபோது என் மேசையில் அந்த எலிகளின் சூலகம் மெழுகில் பதித்து வைத்திருந்தது. அவ்வளவுதான், எனக்குப் புத்தி போய்விட்டது. கல்யாணம் பேசியிருக்கும் பெண்ணுக்குத் தைமஸை எடுக்கப் போகிறார்கள், என் எலிகளுக்கோ பிள்ளை இல்லை. இதை உனக்கு எப்படி எழுதுவது?

எனக்குத் தெரியாமலில்லை. குட்டிக்கு நடப்பது வளர்ந்ததற்கு நடப்பதில்லை. என் பேராசிரியரிடம் கேட்டேன். "உன் தங்கைக்கு வயது மூன்று நாளா?" என்று திருப்பிக் கேட்டார். மனிதரில் பல வருடமாகச் செய்கிறார்கள், பிறகு பிள்ளை பெற்ற பெண்கள் இருக்கிறார்கள் என்று எடுத்துக் காட்டினார். எல்லாம் வாசித்தேன். ஆனால் ஏற்கெனவே நோயுள்ள ஓர் இன எலி இங்கே இருக்கிறது. வளர்ந்த பிறகு அவற்றின் தைமஸை எடுத்தபோது சிலவற்றுக்கு நோய் குறைந்தது, சிலவற்றுக்குக் கூடியது. என் மனம் அந்தக் கூடியவற்றையே பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு குட்டியை ஐஸ்மேல் வைக்கும்போதும் உன் ஞாபகம். கீறல் ஆழமாகி இரண்டைக் கொன்றிருக்கிறேன்.

டிசம்பர் என்றதும் பொய். எனக்கு அடுத்த வருடக் கடைசி வரைக்கும் விடுமுறை கிடையாது. அதுவரைக்கும் ஏதாவது தெரிந்துவிடும் என்று நேரம் வாங்கினேன். நான் வாங்கிய நேரத்துக்கு உன் மூச்சுப் போனது. நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஒப்பரேஷனைச் செய்யச் சொல். டொக்டர் சொல்வதுதான் சரி. வாப்பா கையெழுத்து வைக்கட்டும். நான் சம்மதம்.

ஹபீல்


திகன
30.09.1979

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சம்மதம் வந்து சேர்ந்தபோது எனக்குத் தையல் பிரித்துவிட்டார்கள்.

செப்டம்பர் நாலாம் திகதி ஒப்பரேஷன் நடந்தது. நெஞ்சின் நடுவில் சட்டைப் பித்தான் வரிசை மாதிரி ஒரு கோடு. தும்மினால் உயிர் போகிறது. மற்றபடி வீட்டுக்கு வந்துவிட்டேன். கிடந்தபடியே எழுதுகிறேன், எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து வைக்கும் பேப்பரைத் தாதி கொண்டுவந்தபோது வாப்பா பேனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். "ஹபீல்ட கடிதம் நாளைக்கு வரும் மகள், ஒரு நாள் பொறுப்பம்" என்றார். வாப்பாவின் கையிலிருந்து பேனையை வாங்கினேன். எனக்கு இருபத்தாறு வயது, என் நெஞ்சு. இரண்டு இமையும் விழுந்து எழுத்துத் தெரியவில்லை. இடது கைவிரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் என் பெயரை எழுதினேன்.  வாப்பா வெளியே போய்த் தேத்தண்ணீர் வாங்கி வந்து தந்தார். எனக்கு அப்போது விழுங்க ஏலாது என்பதுகூட அவருக்கு மறந்துவிட்டது.

நீங்கள் இப்போது எழுதியிருப்பது எனக்கு மே மாதமே தெரியும். எலி இல்லாமல் நீங்கள் எழுதிய முதல் கடிதம் மே மாதம் வந்ததுதான். இரண்டு பஸ் மாறி அரிசி வாங்குவதை எழுதுகிற மனிசன், என் தைமஸைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. சூலகம் என்று எழுதியிருந்தீர்களே, அது உடனே ஞாபகம் வந்தது. கேட்கப் பயந்து, எலிகள் செத்துவிட்டனவா என்று பகிடியாகக் கேட்டேன். நீங்கள் எழுத ஒன்றுமில்லை என்றீர்கள். நல்ல நானா, நல்ல தங்கச்சி!

அன்றிலிருந்து பாயில் புரண்டு புரண்டு ஒன்றையே நினைத்தேன். நீங்கள்தான் அதை ஓதப்பள்ளி என்றீர்கள். ஓதத் தொடங்காத பிள்ளைகளின் பள்ளியைப் பூட்டினால் பிள்ளைகள் கெட்டுப் போகும், சரி. என்னிடம் ஓதி முடித்துப் போன பிள்ளைகள் எத்தனையோ வீட்டில் இருக்கிறார்கள். இனி என் முன்னறையைப் பூட்டினால் அவர்களுக்கு மறந்துவிடுமா? அப்படித்தான் மனதைத் தேற்றினேன். அது சரியோ பிழையோ, நீங்கள்தான் படித்தவர். ஆனால் உங்கள் பயத்தை எனக்கும் தந்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாம். தனியாகப் பயப்படுவது பெரிய வேலை நானா. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

நஸீம் வாட்டுக்கு வந்தார், உம்மாவோடு. எல்லாவற்றையும் நானே சொன்னேன். நோய், குளிசை, யாஸீன் ஓதிய அன்று செய்த தந்திரம், கடைசியில் உங்கள் எலிகள். பிள்ளை பிறக்காமல் போனாலும் போகலாம், டொக்டர் அப்படி இல்லை என்கிறார், நானா பயப்படுகிறார், எனக்குத் தெரியாது என்றேன். அவருடைய உம்மா சீலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "யோசிச்சிச் செல்றோம் மகள்" என்றார். நஸீம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனவர்கள் போனவர்கள்தான்.

உம்மா உங்களுக்காகத் தொழுது துஆக் கேட்கிறார். சாப்பிடுங்கள்.

ஜெஸீமா


ஷெஃபீல்ட்
21.10.1979

அன்புத் தங்கச்சிக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கோபம் இருக்கட்டும், அதை எழுதிக்கொண்டே இரு. நீ எழுதாமல் விட்டால்தான் எனக்குப் பயம்.

இனி எலிகளைப் பற்றி எல்லாம் எழுதுவேன். வளர்ந்த பிறகு நான் தைமஸ் எடுத்த பெட்டைகளில் ஒன்று போன கிழமை ஈன்றிருக்கிறது. கூடு நிறையச் சிவப்புக் குட்டிகள். ஆய்வுகூடத்தில் மற்றவர்களுக்கு அது ஒரு செய்தியே இல்லை, எல்லோருக்கும் தெரிந்த முடிவு. நான் போய்ப் பத்துத் தரம் பார்த்துவிட்டு வந்தேன். இதை ஆறுதலுக்கு எழுதவில்லை. அது எலி, நீ ஜெஸீமா. அந்த வித்தியாசம்தான் எனக்கு இவ்வளவு நாளும் பிடிபடவில்லை.

அக்குறணையிலிருந்து ஏதாவது வந்ததா? குரல் எப்படி? மறைக்காமல் எழுது. வாப்பாவைச் சரியாகச் சாப்பிடச் சொல், நானும் சாப்பிடுகிறேன்.

நானா,
ஹபீல்


திகன
13.01.1980

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்கு முழங்கால் வலி, வாப்பாவுக்கு இருமல், எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. உங்களுக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்ததற்குக் காரணம், நல்ல செய்தி ஒன்று வரட்டும் என்று காத்திருந்தேன். இனிக் காக்க மாட்டேன், உள்ளதை எழுதுகிறேன்.

குளிசை நிற்கவில்லை. டொக்டர் ஒரு வேளையைக் குறைத்திருக்கிறார். முழுக்க நிறுத்த வருடங்கள் ஆகலாம், நிறுத்த முடியாமலும் போகலாம் என்கிறார். சில நாள் இமை இறங்குகிறது. விட்டுப்போன நோன்புகளைத் திரும்பப் பிடிக்க இப்போதைக்கு ஏலாது. அதற்குப் பதிலாக வாப்பா தினம் ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுக்கிறார். போகிற வருகிறவர்கள் கேட்டால் உம்மா இப்போது ஒளிக்காமல், "மகளுக்கு நெஞ்சில ஒப்பரேஷன்" என்று தழும்பின் நீளத்தைக் கையால் காட்டுகிறார். அளவு ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டு போகிறது.

அக்குறணையிலிருந்து வார்த்தை வரவில்லை. நஸீமின் உம்மா வேறு இடம் பார்ப்பதாகக் கேள்வி. நோகிறது நானா. நோகவில்லை என்று எழுத முடியவில்லை. ஆனால் அந்த மனிசன் சனிக்கிழமைகளில் வாப்பாவின் கடைக்கு வருகிறார். கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறி, கண்டியில் மாறி, திகனக்கு வந்து உப்பு வாங்கிக்கொண்டு போகிறார். "அக்குறணயில உப்பு முடிஞ்சா ஈக்கி?" என்று போன கிழமை வாப்பா கேட்டாராம். அவர் காது சிவந்து இன்னொரு பைக்கட் உப்புக் கேட்டாராம். இதற்கு என்ன அர்த்தம் என்று நான் கணக்குப் பார்க்கப் போவதில்லை. கணக்கு வாத்தியார் அவர்தான்.

நேற்று அஸருக்குப் பிறகு முன்னறையைத் திறந்து பிள்ளைகளை வரச் சொன்னேன், ஒப்பரேஷனுக்குப் பிறகு முதல் தடவை. ஓதத் தொடங்கினேன். பாதிப் பக்கம் வந்தது. நான் எப்போதும் நின்றுபோகும் இடம்.  பிள்ளைகள் பழக்கப்படி மூச்சை இழுத்து, அந்த இடத்திலிருந்து ஓதத் தொடங்கிவிட்டார்கள்.

நான் நிறுத்தவில்லை. என் குரலும் அவர்கள் குரலும் ஒன்றாகப் போயின. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். நான் கடைசி வரி வரைக்கும் போனேன். உள்ளே உம்மா தேங்காய் துருவும் சத்தம் நின்றிருந்தது.

முன்வரிசையில் இருக்கும் சகீனாவுக்கு மட்டும் முகம் வாடிப் போயிற்று. "டீச்சர், நீங்க அதில நிப்பாட்டோணும்" என்றாள். "அது எங்கட எடம்."

"இனி ஒங்கட எடம் அடுத்த பக்கம்" என்றேன்.

உங்கள் தங்கச்சி,
ஜெஸீமா